முதல் அரை மாரத்தானுக்கு 20 வாரம் போதுமா?

கேள்வி கேட்ட பெண்ணுக்கு 39 வயது. வேளச்சேரியில் இருக்கிறார், வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறார், 5 கி.மீ. வரை. அதைத் தாண்டினால் மூச்சு முட்டுகிறது. ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21 கி.மீ. பிரிவில் ஓட ஆசை, கையில் 20 வாரம் இருக்கிறது. முட்டி தேய்ந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். வழியில் நடந்துவிட்டால் அசிங்கமா என்றும் கேட்டிருக்கிறார்.

போதும், தாராளமாகப் போதும். ஆறு மாதம் விடாமல் ஓடியிருக்கிறீர்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். நிறைய பேர் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நான் 38 வயதில் ஓட ஆரம்பித்தவள், இப்போது 50 ஆகிறது. 14 அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். புதிதாக வரும் பெண்களோடு ஞாயிறுதோறும் ஓடுகிறேன். அவர்கள் எல்லோரும் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். உங்கள் பேஸ், அதாவது ஒரு கி.மீ. ஓட எடுக்கும் நேரம், என்னவென்று எழுதவில்லை, ஆனால் 5 கி.மீ.யில் மூச்சு முட்டுகிறது என்பதே போதும். ஆறு மாதம் ஓடிய ஒருவருக்கு, அவருடைய உடம்புக்கு ஏற்ற வேகத்தில் போனால், 5 கி.மீ.யில் மூச்சு முட்டவே கூடாது. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம், நேற்று ராத்திரி என்ன சமையல், பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால் ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூவேழு இருபத்தொன்று வருவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்துக் குறைத்து வேகநடைக்காரர் உங்களைத் தாண்டிப் போகிற அளவுக்கு வந்தாலும் பரவாயில்லை. அதுதான் இப்போதைக்கு உங்கள் ஈஸி ரன் வேகம்.

இதை நம்புவது கஷ்டம் என்று தெரியும். மெதுவாக ஓடி எப்படி வேகம் வரும் என்று தோன்றும். ஆனால் தொலைதூர ஓட்டம் என்பது முழுக்க முழுக்க ஆக்சிஜன் கணக்கு. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் தசைக்குள் புது நுண்ணிய ரத்தக்குழாய்கள் உருவாகின்றன, சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன, உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகுகிறது. இவை நீண்ட நேரம் ஓடினால் நடப்பவை. மூச்சிரைக்க 25 நிமிடம் ஓடி நின்றுவிட்டால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 800 மீட்டரில் தங்கம் வென்றவர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் போட்டி அது. அதற்குத் தயாராக அவர் ஆக்லாந்து மலைப்பாதையில் 22 மைல், அதாவது 35 கி.மீ., நீள ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார். முதலில் தாங்கும் சக்தி, அதற்குமேல் வேகம் என்பதுதான் லிடியார்டின் வழி. இன்றைய உயர்மட்ட வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலரும் அவர்களின் ஓட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மெதுவானவை என்றே கண்டார். அவர்களுக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

மெதுவாக ஓட இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இது இன்னும் முக்கியமாகப் படுகிறது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்காகும். அதனால் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் ஒரு ஆபத்தான காலம் வரும். மூச்சு பிரமாதமாக இருக்கும், இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடலாம் போலிருக்கும், கால் மட்டும் அதற்குத் தயாராகியிருக்காது. குதிகால் வலி, முன்னங்கால் எலும்பு வலி எல்லாம் அப்போதுதான் வரும். என் முதல் வருடத்தில் ஒரே வாரத்தில் 9 கி.மீ.யிலிருந்து 15க்குத் தாவினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து கால் ஊன்றியபோது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. அது முழுதாகப் போக நான்கு மாதம் ஆனது. அகலக்கால் வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, ஓட்டத்தில் அது சொல்லுக்குச் சொல் உண்மை.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். வேலைநாட்களில் மூன்று நாள், ஞாயிறு லாங் ரன். வேலைநாள் ஓட்டங்களைத் தூரத்தில் அளக்காதீர்கள், நேரத்தில் அளங்கள். முதலில் 30 நிமிடம், போகப்போக 45, 50. ஞாயிறு ஓட்டம் முதல் நான்கு வாரம் 6, 7, 8 என்று ஏறி, நான்காவது வாரம் மறுபடி 6. அடுத்த நான்கு வாரம் 8, 9, 10, பிறகு 7. அதற்கடுத்து 11, 12, 13, பிறகு 9. அதன்பின் 14, 15, 16, பிறகு 12. பதினேழாவது வாரம் 18. அவ்வளவுதான், பயிற்சியில் 21 ஓட வேண்டியதில்லை. 18 ஓடிய காலுக்குப் போட்டி நாளில் மீதி மூன்று வந்துவிடும். கடைசி வாரங்களில் 14, 10 என்று இறங்கிப் போட்டிக்கு வர வேண்டும். நான்காவது வாரம் குறைகிறதே என்று வருத்தப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். முந்தைய மூன்று வாரம் வாங்கிய அடியை உடம்பு சரிசெய்துகொள்வது அந்த வாரத்தில்தான்.

எட்டாவது வாரம் வரை வேகப் பயிற்சியே வேண்டாம். அதற்கு அப்புறம் வேலைநாள் ஓட்டங்களில் ஒன்றை டெம்போவாக மாற்றலாம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி, பிறகு மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 15 நிமிடம், மறுபடி பத்து நிமிடம் மெதுவாக. சென்னை தட்டையான ஊர், ஏற்றத்துக்கு மேம்பாலம்தான் கதி. அடையாறு திரு.வி.க. பாலத்தின் சரிவுகூடப் போதும். காலை ஐந்தரைக்குள் நடைபாதையில் நாலைந்து தடவை ஏறி இறங்கினால் தொடை நன்றாக உரம் ஏறும்.

இனி சென்னைக்கே உரிய விஷயம். வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணைகளைப் பார்த்து ஓடுபவர்கள் இங்கேதான் மனம் உடைகிறார்கள். நீங்கள் பயிற்சி செய்யப்போகும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் விடிகாலையிலும் 26, 27 டிகிரி இருக்கும், காற்று முழுக்க ஈரம். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஈரக்காற்றில் ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அதனால் அதே வேகம் கூடுதல் உழைப்பைக் கேட்கும்.

போன வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு. பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் 12 கி.மீ. முடித்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்தோம். மணி ஆறே முக்கால். என்னோடு ஓடிய பெண் ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கையில் எடுத்துப் பிழிந்தாள். துவைத்த துணியைப் பிழிந்த மாதிரி தரையில் தண்ணீர் கொட்டியது. மழையே இல்லை, அத்தனையும் அவள் வியர்வை. வாட்ச்சை என் பக்கம் திருப்பி, "அக்கா, ரெண்டு மாசமா ஓடுறேன், பேஸ் ஏறவே இல்ல, இறங்கித்தான் போகுது" என்றாள். கண் கலங்கியிருந்தது. டிசம்பர் வரைக்கும் அந்த எண்ணைப் பார்க்காதே, இதயத்துடிப்பை மட்டும் பார் என்றேன். டிசம்பர் கடைசியில் அதே பாதையில், அதே துடிப்பில், கிலோமீட்டருக்கு 40 வினாடி குறைவாக ஓடினாள். அவள் உடம்பு செப்டம்பரிலேயே தேறத் தொடங்கியிருந்தது, வெயிலும் ஈரமும் அதை மறைத்து வைத்திருந்தன.

சூட்டில் தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் மிதமாக ஓடினால் உடம்பு பழகிவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். இந்தப் பழக்கத்தோடு ஜனவரியின் 20, 22 டிகிரிக் காலையில் நின்றால் கால் தானாகப் போகும். சென்னைக்காரர்களுக்கு அந்தப் போட்டி இப்படி ஒரு பரிசைத் தருகிறது. ஆனால் ஓட்டத்தின் நடுவில் தலைசுற்றல், உடம்பு சிலிர்த்தல், குமட்டல் வந்தால் உடனே நின்று நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். யாராவது குழறிப் பேசினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல், கிடைக்கிற குளிர்ந்த நீர், ஐஸ் எல்லாவற்றையும் கொண்டு உடம்பைக் குளிரவைக்க வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? வீட்டில் எடைபார்க்கும் கருவி இருந்தால் இதை ஒருமுறை செய்துபாருங்கள். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், பின்னால் வியர்வையைத் துடைத்துவிட்டு. ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது, வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கணக்கு, வேறொருவர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. போனதை முழுக்க ஓடும்போதே நிரப்ப வேண்டாம், தாகம் கேட்கும்போது குடித்தால் போதும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பது உண்மையிலேயே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். நம்மைப் போல மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று நின்று குடிப்பதால் வருவது இது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஏதாவது வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள். மருந்துக்கடை ஓஆர்எஸ் என்றால் உலக சுகாதார நிறுவன அளவுப்படி இருக்கும் 20.5 கிராம் பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரையுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, வியர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியம். அதனால் ஓடி முடித்தபின் இளநீர் குடித்தால் ஒரு சிட்டிகை உப்பையும் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீராகாரம், இல்லையென்றால் நீர்மோர். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பது பழைய கணக்கு. உங்கள் எடை 60 என்று வைத்துக்கொண்டால் 21 கி.மீ.க்கு 1,260 கலோரி. உடம்பின் கிளைக்கோஜன் சேமிப்பு, அதாவது தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து, நன்றாகச் சாப்பிடுபவருக்கு 1,600 முதல் 2,000 கலோரி வரை இருக்கும். முழு மாரத்தானில் 30 கி.மீ. வாக்கில் அப்படியே கால் நின்றுபோகிறதே, அது அரை மாரத்தானில் அவ்வளவாக வராமல் இருப்பது இதனால்தான். ஆனாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடப்போகிறீர்கள் என்பதால் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு மோரிஸ் வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், பனங்கற்கண்டு, எனர்ஜி ஜெல், எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துப்போகிறதோ அது. ஆனால் அதை ஞாயிறு லாங் ரன்களில் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். ஓடும்போது வயிற்றுக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும், பழகாத வயிறு தள்ளிவிடும். கடலைமிட்டாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஓடும்போது தொண்டையில் சிக்கும், முடித்தபிறகு தின்னுங்கள். தினசரிச் சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டுங்கள். முட்டை, சுண்டல், பயறு, மீன், தயிர், எது முடியுமோ அது. மூன்று வேளையும் அரிசி மட்டும் சாப்பிட்டு ஓடினால் தசை தேறாது.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன், அது அக்கறையில் வந்த பயம். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத்தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். தொழில்முறையாகப் பெரிய போட்டிகளில் ஓடியவர்களில் 13.3. நாம் முதல் வகை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அமுங்கி விரிவதால்தான் அதற்கு ஊட்டம் போகிறது. ஏற்கெனவே முட்டியில் காயமோ அறுவை சிகிச்சையோ இருந்தால் மட்டும் எலும்பு மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் காலையில் நடைக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள்.

முட்டியைக் காப்பது ஷூவைவிடத் தொடையும் இடுப்பும் கெண்டைக்காலும்தான். ஓடும்போது கெண்டைக்காலின் உள்தசை ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு விசையைத் தாங்குகிறது. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள், 20 நிமிடம். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, ஒரு காலில் குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவது, ஒரு காலுக்குப் பதினைந்து. அப்புறம் உட்கார்ந்து எழுவது, ஒரு காலில் நிற்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. குக்கர் விசில் வருவதற்குள் குதிகால் பயிற்சியை முடித்துவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

வலியில் இரண்டு வகை. இரண்டு காலிலும் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் அது தசை அசதி. ஒரே காலில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடினால் நிறுத்துங்கள். அது முன்னங்கால் எலும்பின் மேல் என்றால் எலும்பில் மயிர்க்கீறல் விழுந்திருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. வியர்த்து நீர் குறைந்த நேரத்தில் ஐப்ரூபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஷூ வாங்கும்போது சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த விலை கூடிய ஷூ எதுவும் தேவையில்லை.

பெண் என்பதால் இன்னும் சில. ஓட்டத்தைக் கூட்டும் முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்து. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எங்கள் குழுவில் ஒருத்தி எவ்வளவு பயிற்சி செய்தும் 8 கி.மீ.யைத் தாண்ட முடியாமல் தவித்தாள், மனத்திடம் இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பார்த்தால் ஹீமோகுளோபின் 9. மருந்து எடுத்து மூன்று மாதத்தில் அதே பெண் 14 ஓடினாள். உங்கள் 5 கி.மீ. மூச்சுமுட்டலுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். 40ஐ நெருங்குகிறீர்கள் என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் இதய மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள், ஷூவுக்கு அடுத்து அதுதான். அதன் பட்டை உரசும் இடம், தொடையிடுக்கு, அக்குள் எல்லாவற்றிலும் வாசலின் தடவிவிட்டுக் கிளம்புங்கள், 10 கி.மீ.க்கு மேல் இது கட்டாயம். இருட்டில் தனியாக ஓட வேண்டாம். நகரின் பல பகுதிகளில் ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன, உங்கள் பக்கத்துக் குழுவில் சேர்ந்துவிடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல், மெல்ல நடந்து விலகுங்கள்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வரும். திட்டத்தில் ஒரு வாரம் இரண்டு வாரம் நனைந்துபோகும், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூறலில் ஓடலாம், சுகமாகக்கூட இருக்கும். தண்ணீர் தேங்கிய சாலையில் மட்டும் இறங்கவே கூடாது. மூடி திறந்த வடிகாலும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குங்கள். தவறிய ஓட்டத்தை அடுத்த வாரத்தோடு கூட்டி ஈடுகட்டாதீர்கள். மழைக்காலத்தில் டெங்கு, வைரஸ் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் முழுக்க விட்டபிறகும் இரண்டு வாரமாவது ஓய்வு எடுத்து, நடையிலிருந்து ஆரம்பியுங்கள். காய்ச்சலோடு ஓடினால் இதயத்தசையே பாதிக்கப்படலாம்.

நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ ஒரு 10 கி.மீ. போட்டி ஓடிப் பாருங்கள். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்த கணக்கு ஒன்று உண்டு. 10 கி.மீ. நேரத்தை ஏறத்தாழ 2.2ஆல் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் கிடைக்கும். 70 நிமிடத்தில் ஓடினால் 2 மணி 34 நிமிடம். முதல்முறை ஓடுபவர் அதோடு பத்து நிமிடம் சேர்த்து, 2:45 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு கி.மீ.க்கு 7:49, அதாவது 7 நிமிடம் 49 வினாடி. பதிவு செய்யும்போதே கட் ஆஃப் நேரத்தை, அதாவது எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை, பாருங்கள். மூன்று மணி நேரம் என்றால் கி.மீ.க்கு 8:32 போதும்.

போட்டிக்கு முந்தின இரவு காரம், பருப்பு, கீரை எல்லாம் தவிர்த்து எளிமையாகச் சாப்பிட்டு எட்டு மணிக்கே படுத்துவிடுங்கள். தூக்கம் வராது, யாருக்கும் வராது, அதற்கு முந்தைய நாள் தூங்கியிருந்தால் போதும். பிப்பை, அதாவது உங்கள் போட்டி எண் அட்டையை, சட்டையில் நாலு ஊக்கால் குத்தி வைத்துவிடுங்கள். காலையில் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லியைச் சர்க்கரை தொட்டு, இல்லையென்றால் ரொட்டியும் ஜாமும். காபி பழக்கம் இருந்தால் வழக்கம்போலக் குடியுங்கள், அது வயிற்றைக் காலி செய்யவும் உதவும். ஷூ, சாக்ஸ், உடை எதுவும் அன்றைக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

முதல் 5 கி.மீ. உங்கள் திட்ட வேகத்தைவிட 15, 20 வினாடி மெதுவாக ஓடுங்கள். இதுதான் இருப்பதிலேயே கடினம். கூட்டம், இசை, குளிர்ந்த காற்று, ஓய்வெடுத்த கால், எல்லாம் சேர்ந்து தள்ளும். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். என் முதல் போட்டியில் முதல் ஐந்து கி.மீ.யைப் பயிற்சி வேகத்தைவிடக் கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் வேகமாக ஓடினேன். பதினேழாவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டன. சாலையோர விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், அதே சீரான குட்டி ஓட்டத்தில் வந்தார். "நடந்துக்கிட்டே வாம்மா, நிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். நடந்தேன். பத்து நிமிடத்தில் காலின் இறுக்கம் விட்டது. அடுத்த வருடம் ஆரம்பத்தில் அடக்கி ஓடினேன், 15 நிமிடம் குறைந்தது. இன்னொன்று, பாதை வளைவுகளை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுவதால் உங்கள் வாட்ச் 21.3, 21.4 காட்டும். 21 முடிந்தும் ஃபினிஷ் லைன் வரவில்லையே என்று கலங்காதீர்கள்.

நடப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் அசிங்கம் எதுவுமே இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே ஓட்டமும் நடையும் கலந்த முறையைப் பல வருடம் கற்பித்தவர். முடியாமல் போய் நடப்பதற்கும், முதல் கிலோமீட்டரிலிருந்தே கணக்கோடு நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான்கு நிமிடம் 7:30 வேகத்தில் ஓடி, ஒரு நிமிடம் வேகநடை என்று கடைசிவரை போனால் சராசரி 8 நிமிடம், அதாவது 2 மணி 50 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். முதல் போட்டிக்கு உங்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பயிற்சி ஞாயிறுகளிலும் இதே முறையில் ஓடிப் பழகுங்கள்.

முடித்ததும் மெடலோடு அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள், பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலைசுற்றும். ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிடுங்கள், மறுநாள் விடுமுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை போதும்.

இந்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு 6 கி.மீ., ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். ஏழாம் வாய்ப்பாடு எந்த வரி வரைக்கும் ஒரே மூச்சில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.